ஜாஸ் கச்சேரியை எண்ணிக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

முதல் தடவை ஜாஸ் கச்சேரிக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஆரம்பத்தில் ஒரு மெட்டு கேட்டது, அப்புறம் ஆளாளுக்கு இஷ்டப்படி வாசித்தார்கள், கடைசியில் அந்த மெட்டு திரும்ப வந்தது என்பார்கள். முதலும் கடைசியும் சரி, நடுவில் சொன்னதுதான் தப்பு. அந்தப் பாட்டு நடுவில் எங்கேயும் நிற்கவே இல்லை. மெட்டை மட்டும் விலக்கிவைத்துவிட்டு, அதன் சட்டகத்தை அப்படியே சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுற்று காதில் பிடிபட்டுவிட்டால் நேரடிக் கச்சேரி வேறு கச்சேரியாகிவிடும். அதைப் பிடிப்பது எப்படி என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

பாட்டின் சட்டகம் முழுதாக ஒரு தடவை ஓடி முடிந்தால் அது ஒரு கோரஸ். மிக அதிகமாக வாசிக்கப்படும் பாட்டுகளில் கோரஸின் நீளம் இரண்டே வகை: 12 பார், அல்லது 32 பார். பார் என்பது தாளத்தின் ஒரு சிறு அலகு, ஒரு பாருக்குப் பெரும்பாலும் நான்கு அடி. ஆக 32 பாருக்கு 128 அடி. நிமிடத்துக்கு 120 அடி என்ற நடுத்தர வேகத்தில் ஒரு கோரஸ் 64 விநாடியில் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 60 அடியில் போகும் மெதுவான பாலட் என்றால் இரண்டு நிமிடத்தைத் தாண்டும். பாலடில் பாடகி ஒரு கோரஸ் பாடி முடித்ததும், பியானோ பாதி கோரஸ் மட்டும் வாசித்துவிட்டு மீதிப் பாதியைப் பாடகியிடமே திருப்பிக் கொடுப்பது இதனால்தான். இன்னொரு முழுச் சுற்று போனால் பாட்டு இழுத்துக்கொண்டே போகும்.

எண்ணுவதற்கு இசைக்காரர்கள் கையாளும் வழி ஒன்று இருக்கிறது. முதல் பாரில் "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு". இரண்டாவது பாரில் "இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு". மூன்றாவதில் "மூன்று, இரண்டு, மூன்று, நான்கு". பாரின் முதல் அடியில் பாரின் எண்ணையே சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதான். "எட்டு, இரண்டு, மூன்று, நான்கு" வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எட்டு எட்டாக நான்கு தடவை எண்ணினால் 32. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் வரிசையாகத் தொட்டு, எட்டுக்கு ஒரு விரல் என்று வைத்துக்கொண்டால் எந்த எட்டில் இருக்கிறோம் என்பதும் மறக்காது. வாய்விட்டு எண்ண வேண்டாம், பக்கத்து நாற்காலிக்காரரும் எண்ணிக்கொண்டிருக்கலாம்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல, ஆவர்த்தனத்தை எண்ணும் அதே பழக்கம்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம் ஆவர்த்தனத்தில் தாளம் சுற்றும், கீழே தம்பூரா ஒரே ஸ்ருதியில் நிற்கும். ஜாஸில் தாளத்தோடு கார்ட்களும், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களும், சேர்ந்து சுற்றும். எந்த பாரில் எந்தக் கார்ட் என்பதுவரை முன்கூட்டியே முடிவானது. பழகாத காது சாக்ஸபோனையே துரத்திக்கொண்டு போகும், கீழே கார்ட் மாறுவதைக் கவனிக்காது. வழி தவறுவது அங்கேதான்.

32 பாரில் மிகவும் வழக்கமான அமைப்பு இது: முதல் எட்டு பார் ஒரு பகுதி, அடுத்த எட்டு அதே பகுதி திரும்ப, மூன்றாவது எட்டு வேறொன்று, நான்காவது எட்டு மறுபடி முதல் பகுதி. மூன்றாவதாக வரும் அந்த வேறொன்றுக்கு பிரிட்ஜ் என்று பெயர். உங்களுக்கு அடையாளக் கல் அதுதான்.

வீட்டில் பழக, 1959-ல் வெளிவந்த, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தொகுப்பின் முதல் பாட்டான 'ஸோ வாட்'டை விட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. பியானோவில் பில் எவான்ஸும், பாஸ் என்ற கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியத்தில் பால் சேம்பர்ஸும் நிலையான தாளம் இல்லாமல் ஒரு முன்னுரை வாசிப்பார்கள். அதை எண்ணவேண்டாம். பிறகு பாஸ் மெட்டை எடுக்கும், மற்றவர்கள் இரண்டே கார்டில் பதில் சொல்வார்கள். அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். முதல் 16 பாரும் ஒரே இடத்தில் நிற்கும். 17-வது பாரில் எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறும். எட்டு பார் அங்கே இருந்துவிட்டுப் பழைய இடத்துக்கு இறங்கும். இவ்வளவுதான் அந்தப் பாட்டின் சட்டகம். மெட்டு முடிந்து டேவிஸின் சோலோ (தனி வாசிப்பு) தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். அந்த நாதம் அடங்க நேரமாகும், தவறவிடவே முடியாது. அதற்குப் பிறகு டேவிஸ் இரண்டு கோரஸ், டெனர் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, ஆல்டோ சாக்ஸபோனில் கேனன்பால் அடர்லி இரண்டு, பில் எவான்ஸ் ஒன்று. இந்தக் கணக்கு உங்கள் எண்ணிக்கையோடு ஒத்துவந்தால் நீங்கள் கச்சேரிக்குத் தயார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கோரஸின் கடைசி எட்டும், அடுத்த கோரஸின் முதல் இரண்டு எட்டுகளும் ஒரே மாதிரியானவை. அதாவது தொடர்ந்து 24 பார் ஒரே நிலம். இப்போது மூன்றில் எந்த எட்டில் இருக்கிறோம் என்ற குழப்பம் மேடையில் இருப்பவர்களுக்கே வருவதுண்டு. அதனால் கோரஸின் தொடக்கத்தைத் தேடாதீர்கள். பிரிட்ஜைப் பிடியுங்கள். பிரிட்ஜ் முடிந்ததிலிருந்து மூன்று எட்டு எண்ணினால் அடுத்த பிரிட்ஜ் வந்தே தீரும்.

12 பார் சட்டகத்துக்கு புளூஸ் என்று பெயர். முதல் நான்கு பார் ஆதாரக் கார்டில் நிற்கும். ஐந்தாவது பாரில் நான்காம் ஸ்வரத்தின் கார்டுக்கு நகரும், ஏழாவதில் வீடு திரும்பும். ஒன்பதாவதில் பதற்றம் கூடி, பதினொன்றில் மறுபடி வீடு. அந்த ஐந்தாவது பாரைக் காது பிடித்துவிட்டால் போதும், மற்றவை தானாக வரும். 1956 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டன் குழுவின் பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸபோனில் புளூஸை இடைவிடாமல் 27 கோரஸ் வாசித்தார், 324 பார்! கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டது. பதிவு கிடைக்கிறது, ஒரு தடவை எண்ணிக்கொண்டே கேளுங்கள். ஒவ்வொரு 12-ம் முடியும்போது அரங்கத்தின் சூடு ஒரு படி ஏறுவது கேட்கும். எண்ணாமல் கேட்டால் அது வெறும் நீண்ட சோலோதான்.

இனி மேடைக்கு வருவோம். சோலோ வாசிப்பவரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பாஸைப் பாருங்கள். பல பாட்டுகளில் மெட்டு வாசிக்கும்போது பாஸ்காரர் பாருக்கு இரண்டு ஸ்வரம்தான் போடுவார், ஒன்றாம் அடியிலும் மூன்றாம் அடியிலும். முதல் சோலோ தொடங்கியதும் அடிக்கொன்றாக நான்கு ஸ்வரம் நடக்கத் தொடங்குவார். கூட்டம் முழுக்க ஒரே தள்ளில் முன்னால் நகர்ந்த மாதிரி உணர்வோமே, அந்த உணர்வுக்குக் காரணம் இந்த மாற்றம்தான், வேகம் துளியும் கூடியிருக்காது. டிரம்ஸ்காரரின் இடது காலையும் கவனியுங்கள். ஹை-ஹாட் சிம்பல்களை இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் "சிக்" என்று மூடும். அடி தவறிப்போனால் ஒட்டிக்கொள்ள அது ஒரு கைப்பிடி. எட்டு பார் முடியும் இடங்களில் அவர் சின்னதாக ஒரு உருட்டு போடுவார், கோரஸ் முடியும் இடத்தில் கொஞ்சம் பெரிதாக.

கைச் சைகைகளும் உண்டு. குழுத் தலைவர் தன் உச்சந்தலையைத் தொட்டால் மெட்டுக்குத் திரும்பப் போகிறோம் என்று பொருள். நான்கு விரல் காட்டினால் நான்கு நான்கு பாராக மாற்றிக்கொள்ளப் போகிறார்கள்: சாக்ஸபோன் நான்கு பார், டிரம்ஸ் நான்கு பார், திரும்ப சாக்ஸபோன். ஒரு 32 பார் கோரஸில் ஆளுக்கு நான்கு முறை வரும். டிரம்ஸ் தனியாக வாசிக்கும் அந்த நான்கு பாரிலும் உங்கள் எண்ணிக்கை நிற்கக்கூடாது. மனதுக்குள் மெட்டைப் பாடிக்கொண்டே இருங்கள், டிரம்ஸ்காரரும் பெரும்பாலும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார். முடிவுக்கு வரும்போது கடைசி நான்கு பாரை மூன்று தடவை சொல்லி முடிப்பது வழக்கம். ஆகவே முதல் தடவையே கைதட்டிவிடாதீர்கள்.

எண்ணிக்கை தவறத்தான் செய்யும். சோலோ வாசிப்பவர் திடீரென்று இரட்டை வேகத்தில் ஓடுவார், நாமும் கூடவே ஓடிவிடுவோம். ஆனால் கார்ட்கள் பழைய வேகத்திலேயேதான் மாறிக்கொண்டிருக்கும், பாஸைக் கேட்டால் தெரியும். தவறிவிட்டால் ஊகித்து எண்ணாதீர்கள். எண்ணுவதை விட்டுவிட்டு பிரிட்ஜுக்காகக் காத்திருங்கள், வேகமான பாட்டில் அதிகபட்சம் அரை நிமிடத்தில் வந்துவிடும்.

இந்தச் சட்டகம் எவ்வளவு உறுதியானது என்பதற்குப் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் 1960 பெர்லின் கச்சேரி சாட்சி. 'மேக் த நைஃப்' பாட்டின் நடுவே வரிகள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. வரி மறந்துவிட்டது என்பதையே மெட்டில் வைத்து அந்த இடத்திலேயே பாட்டு கட்டிப் பாடினார். குழு ஒரு அடிகூடத் தடுமாறவில்லை. சொல் போனாலும் சட்டகம் எல்லோர் காதிலும் இருந்தது. அந்தப் பாட்டு அவருக்கு கிராமி விருதும் வாங்கிக்கொடுத்தது.

கைதட்டுவது பற்றி ஒரு வார்த்தை. சோலோ முடிந்ததும் தட்டுவது மரபு. ஆனால் அடுத்து வருவது பாஸ் சோலோ என்றால் சுருக்கமாகத் தட்டுங்கள். பாஸின் முதல் நான்கு பார் கைதட்டலில் மூழ்கிப்போவது அடிக்கடி நடக்கிறது. மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதால் அரங்கில் சத்தம் குறையும், இடைவேளை வந்துவிட்ட மாதிரி சிலர் பேசத் தொடங்குவார்கள். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பில் பில் எவான்ஸின் மூவர் குழுவைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவில் கோப்பைகள் இடிபடும் சத்தமும் பேச்சுக்குரலும் தெளிவாகக் கேட்கும். பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த மாதம் 6-ம் தேதி கார் விபத்தில் இறந்துவிட்டார், அப்போது அவருக்கு வயது 25. பாஸ் சோலோவின்போது பேசாதீர்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

எங்கே உட்காருவது? பியானோக்காரரின் விரல்களைப் பார்க்க வேண்டுமென்றால் மேடையை நோக்கி உட்காரும்போது உங்களுக்கு இடப்பக்கம். டிரம்பெட் சத்தம் அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கேதான் சீறிப் போகும், நேர் எதிரே உட்கார்ந்தால் மற்றது எதுவும் கேட்காது. சாக்ஸபோன் அப்படியல்ல, அதன் துளைகள் வழியாகவும் ஒலி வருவதால் பரவலாகக் கேட்கும். டிரம்ஸுக்கு மிக அருகில் உட்கார்ந்தால் சிம்பலின் இரைச்சல் பாஸை மூடிவிடும், எண்ணிக்கைக்கு நங்கூரமே போய்விடும். சின்ன அறையில் இரண்டாவது மூன்றாவது வரிசை, பாஸ் இருக்கும் பக்கமாக என்பது என் தேர்வு. பித்தளை வாத்தியங்கள் நிறைந்த பெரிய குழு என்றால் காது அடைப்பான் கொண்டுபோங்கள். சாதாரண ஃபோம் வகை மேல் ஸ்தாயியை அதிகம் வெட்டி சிம்பலை மங்கடித்துவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படும் வகை எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும்.

எண்ணவே கூடாத ஜாஸும் உண்டு. சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960-ல் இரண்டு நால்வர் குழுக்களை ஒன்றாக உட்காரவைத்துப் பதிவு செய்த இசை மாதிரியானவற்றில் 32 பாரைத் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். அங்கே யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள், எப்போது அடர்த்தி கூடுகிறது, எப்போது ஒருவர் வேண்டுமென்றே சும்மா இருக்கிறார் என்று கேளுங்கள். முதல் பாட்டில் ஒரு நிமிடத்துக்குள் பாஸும் ஹை-ஹாட்டும் நிலையான தாளம் காட்டவில்லை என்றால் விரல்களை விட்டுவிடலாம்.

கிளப்களில் பெரும்பாலும் ஒரே இரவில் இரண்டு செட் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டி. ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் இரண்டாவதுக்குப் போங்கள். வாத்தியமும் கையும் அறையின் ஒலிக்குப் பழகியிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், சோலோக்கள் இன்னும் இரண்டு கோரஸ் நீளும். பல குழுக்கள் பாட்டின் பெயரை அறிவிக்காமலே வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். செட் முடிந்ததும் யாராவது ஒருவரிடம், முக்கியமாக பாஸ்காரரிடம், மூன்றாவதாக வாசித்தது என்ன பாட்டு என்று கேளுங்கள். மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, அதே பாட்டை வேறு மூன்று பேர் வாசித்த பதிவுகளைத் தேடி, ஒவ்வொன்றிலும் பிரிட்ஜ் எங்கே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.