சல்லிக்காசும் செல்லாத நோட்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஆற்காடு ரூபாய் என்ற வெள்ளி நாணயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர் நம்ம ஆற்காட்டுடையது, ஆனால் நவாபிடம் அனுமதி வாங்கிக்கொண்டு புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1736 முதலும், சென்னையில் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் 1742 முதலும் அதையே அடித்தார்கள். பிரெஞ்சுக்காரர் ரூபாயில் பிறை இருக்கும், கும்பெனி ரூபாயில் தாமரை. இது எங்கே அடித்தது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, கல்லில் தட்டி ஓசை கேட்டு மதிப்புச் சொல்வதற்கென்றே காசுக்கடையில் ஆள் இருந்தார். அந்தச் சோதனைக்குப் பெயர்தான் நோட்டம். மாற்றிக் கொடுப்பதற்காக அங்கே கழித்துக்கொள்வது வட்டம்.

சரி, இந்த வட்டம் யார் தலையில் விழுந்தது? அதைப் பேசத்தான் வந்தேன்.

அன்றைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. அதாவது ஒரு வராகனுக்கு 3360 காசு. ஏட்டில் கணக்கு சுத்தமாக இருந்தது, கடைத்தெருவில் அப்படி இல்லை, செப்புக்காசு குறைவாக வந்தால் ஒரு விலை, குவிந்துவிட்டால் வேறு விலை. நிலவரியும் கடனும் பெரிய காசில் கேட்கப்பட்டன. நாற்று நட்டவளின் கூலியும் மோர் விற்றவளின் வரும்படியும் செப்புக்காசாக வந்தன. சின்னதைக் கொடுத்துப் பெரியதை வாங்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய்விடும். வராகனில் கணக்குப் பார்ப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. அவளுக்கு அது ஒரு வேளைக்கான உப்பு, மிளகாய்.

அந்தச் செப்புக்காசும் எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்துப் பட்டறையில் நீராவி இயந்திரத்தில் அடித்து, பீப்பாயில் அடைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1808 என்று பொறித்த பத்துக்காசும் இருபதுகாசும் டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரையோர மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. நம் சந்தைகளில் புழங்க வேண்டிய சில்லறை சுமார் 175 வருடம் கடலடியில் கிடந்தது, 1980களில்தான் முக்குளிப்பவர்கள் அள்ளினார்கள். அதில் ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், விளிம்பு கொஞ்சமும் தேயவில்லை. ஒரு கைகூடப் படாத காசு. எனக்கு அது பெரிய வருத்தம்.

பிறகு 1818ல் வராகன் போய் ரூபாய் கணக்கு வந்தது, 1835ல் கும்பெனி ஆண்ட பகுதி முழுக்க ஒரே ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்கு 16 அணா, இல்லையென்றால் 64 காலணா, இல்லையென்றால் 192 தம்பிடி. அப்புறம் 1861 சட்டப்படி அரசாங்க நோட்டு. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். சென்னை வட்டாரத்து நோட்டு சென்னை வட்டாரத்தில்தான் சட்டப்படி செல்லும், கல்கத்தா நோட்டை இங்கே கொண்டுவந்தால் அது அயலூர்ச் சரக்கு, கழித்துக்கொண்டுதான் மாற்றுவார்கள். ஐந்து ரூபாய் நோட்டுக்கு 1903ல்தான் பர்மா தவிர மற்ற இடங்களில் இந்த வேலி விலகியது. பெரிய நோட்டுகளுக்கு அதற்கும் பிறகு.

இரண்டாம் உலகப்போரில் சில்லறை மறுபடியும் காணாமல் போனது. உலோகம் மிச்சம் பிடிக்க 1943ல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது, பழைய காலணாவின் எடையில் பாதிகூட இல்லை. கணியம்பாடிப் பக்கம் எங்கள் பாட்டி அந்த ஓட்டைக் காலணாக்களைச் சணல் கயிற்றில் கோத்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். சந்தையில் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுப்பாராம். கொத்தாகக் கொடுத்தால் எண்ணிக்கையில் ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம்.

பாட்டியின் தம்பி பர்மாவில் கூலி வேலைக்குப் போய், போர் முடிந்தபிறகு திரும்பியவர். அவர் தகரப்பெட்டியில் ஜப்பான்காரர்கள் அச்சிட்ட பத்து ரூபாய் நோட்டுகள் ஒரு கட்டு இருந்தது. எடுத்துப் பாருங்கள் என்று கொடுப்பார். நோட்டு என்றால் வரிசை எண் இருக்க வேண்டும், அதில் எண்ணே கிடையாது, ஆங்கில ‘பி’யில் தொடங்கும் இரண்டு மூன்று எழுத்து மட்டும். ‘பி’ என்றால் பர்மா, மலாயாவுக்கு ‘எம்’. எவ்வளவு அச்சிட்டோம் என்று யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத பணம். ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அது ஒரு காசுக்கும் பெறாது என்று அறிவித்துவிட்டார்கள். மூன்று வருடக் கூலி அது. பாட்டி மட்டும் அதைக் குப்பை என்று சொல்லவிடமாட்டார். “அவன் மூட்டை தூக்கினது நிஜம்தானே” என்பார்.

அந்தக் கட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கூடவே கயிற்றோடு பதினோரு ஓட்டைக் காலணாவும்.

நன்றி, வணக்கம்.