ஓர் எட்டில் தாண்டும் ஓடை

தலைமை தாங்கும் தமிழாலய நிர்வாகி அவர்களே, சனிக்கிழமை உறக்கத்தைத் துறந்து பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியைமாரே, எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, பெற்றோரே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய அண்ணனுக்கும், நேற்றிரவு குளிருக்குள் நின்று மண்டபத்தைச் சோடித்த இளையோருக்கும் என் நன்றி. பெயர் சொல்ல விடுபட்டோர் பொறுத்தருள வேண்டும்.

ஜேர்மனியக் குக்கிராமம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நிலம், வரலாறு, இன்றைய வாழ்வு என்று மூன்று பகுதிகளாகச் சொல்கிறேன்.

ஊரின் பெயர் மெட்லாரொய்ட். ஹோப் நகருக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. குடியிருப்பவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். ஊரை ஊடறுத்து டான்பாக் என்ற ஓடை ஓடுகிறது. ஒரு கரை பவேரியா மாநிலம், மறுகரை துரிங்கியா மாநிலம். 1810 இல் பவேரிய இராச்சியமும் ரொய்ஸ் சிற்றரசும் இங்கே எல்லைக்கல் நட்டன. சனம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பள்ளிக்கூடமும் மதுச்சாலையும் துரிங்கியக் கரையில். தேவாலயத்துக்குப் பவேரியாவில் உள்ள டேப்பனுக்குப் போவார்கள். நீரடித்து நீர் விலகாது என்று எங்கள் ஆச்சிமார் சொல்வார்களே, அந்த வாழ்வு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. பவேரியக் கரை அமெரிக்க வலயம், துரிங்கியக் கரை சோவியத் வலயம்; பிறகு அது கிழக்கு ஜேர்மனி. 1952 இல் பலகை வேலி வந்தது. 1966 இல் 700 மீற்றர் நீளத்துக்கு, 3.3 மீற்றர் உயரத்தில் கொங்கிறீற்று மதில் எழுந்தது. அமெரிக்கப் படையினர் ஊரைக் 'குட்டி பேர்லின்' என்றார்கள். கிழக்குக் கரையில் நிற்பவர் மறுகரைச் சொந்தத்தைப் பார்த்துக் கையசைக்கவும் தடை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். போன கோடையில் என் பேத்தியை அங்கே கூட்டிப் போனேன். ஏழு வயது. ஓடையைக் கண்டதும், "அம்மப்பா, இதுவா எல்லை?" என்று கேட்டுவிட்டு ஒரே எட்டில் தாண்டி அந்தப் பக்கம் நின்றாள். நான் இந்தப் பக்கம். அங்கே நின்றபடி இரண்டு கையையும் தூக்கி எனக்குக் காட்டினாள். நானும் கையைத் தூக்கினேன். தூக்கிய கை இறங்கவில்லை. அக்கா அந்தக் கரையில், தம்பி இந்தக் கரையில், வாய்க்கால் அளவு தண்ணீர் நடுவில், ஆனாலும் ஒரு கையசைப்பு இல்லாமல் இருபத்துச் சொச்சம் வருடம்! "ஏன் அழுகிறீர்கள்?" என்று பிள்ளை திரும்ப இந்தக் கரைக்குத் தாண்டி வந்தாள். அவளுக்கு நான் சொன்னதும் அதே பழமொழிதான்: நீரடித்து நீர் விலகாது, குஞ்சு.

1989 டிசம்பர் 9 ஆம் நாள் மதிலில் வழி திறந்தார்கள். 1990 ஜூன் 17 இல் புல்டோசர் வந்து இடித்தது. ஒரு பகுதியை மட்டும் இடிக்காமல் விட்டு, காவற்கோபுரத்தோடு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஐம்பது பேர் வாழும் ஊருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, சபையோரே! எங்களுக்கு என்ன இருக்கிறது?

எண்பதுகளில் எங்களில் எத்தனையோ பேர் கிழக்கு பேர்லினின் சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்தோம். 1985 இல் அந்த வழியை அடைத்தார்கள். கிழக்கு ஜேர்மனியின் மதில் எங்கள் கதையிலும் நிற்கிறது. கையில் ஒரு பை, கால்சட்டைப் பையில் ஒரு முகவரித் துண்டு, டொச்சில் ஒரு சொல்லும் தெரியாது. இதை எங்கே எழுதி வைத்திருக்கிறோம்? வருடா வருடம் செத்த வீட்டுக்குப் போய் வருகிறோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பயணக்கதை போகிறது.

இன்றைய வாழ்வைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். இன்றும் அந்த ஊருக்கு இரண்டு மேயர்கள், இரண்டு அஞ்சல் குறியீடுகள். நேரம் போகிறது, அது நிற்கட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தத் தமிழாலயத்தில் மாதம் ஒரு மூத்தவரின் குரலைப் பதிவு செய்வோம். கேள்வியைப் பிள்ளைகள் கேட்கட்டும். பதிவுக் கருவியை நான் வாங்கித் தருகிறேன். முன்வரிசையில் தடியோடு இருக்கும் ஐயா, முதல் குரல் உங்களுடையது. வாசலில் என் மகள் கொப்பியோடு நிற்கிறாள். பெயரையும் வந்த வருடத்தையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.