பாதி உண்மைய நம்புறது படிக்காதவன் குத்தம் இல்ல

எல்லாருக்கும் வணக்கம். நடுவர் அம்மா, எதிரணித் தலைவர் சார், அவரோட அணியில இருக்குற தங்கச்சி, என் அணித் தோழருங்க, இந்த மழையிலயும் சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத்துல இருக்குற தோட்டம், தாமான்னு சொல்ற குடியிருப்பு எல்லாத்துல இருந்தும் மோட்டோவுலயும் வேன்லயும் வந்து உக்காந்திருக்குற பெரியவங்க, எல்லாருக்கும். லேட்டா வந்தவங்களுக்காக தலைப்ப ஒரு தடவ சொல்லிடுறேன். பாதி உண்மைய மனுசன் நம்புறதுக்குக் காரணம் படிப்பறிவு இல்லாததா, இல்ல மனசோட பிறவி அமைப்பா? நான் பிறவி அமைப்புதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் சார் என்ன சொன்னாரு? நம்ம தாத்தா பாட்டி எழுதப் படிக்கத் தெரியாம கப்பல் ஏறுனாங்க, கங்காணி சொன்னத அப்படியே நம்புனாங்க, அதனாலதான் ஏமாந்தாங்க, இன்னைக்கு நம்ம பிள்ளைங்க யூனிவர்சிட்டி போகுது இனிமே யாரும் நம்மள ஏமாத்த முடியாதுன்னு சொன்னாரு. நீங்களும் கைதட்டுனீங்க. சார் மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, ஆனா அந்த வார்த்தை எனக்கு வலிச்சிச்சு, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கங்காணி யாரு? ஊர் பேர் தெரியாத ஆள் இல்ல. அதே ஊர்க்காரரு, மாமன் மச்சான் முறை வர்றவரு, மலாயாவுல வேலை செஞ்சிட்டு லைசென்ஸோட சொந்த ஊருக்கே திரும்பிப் போயி ஆள் சேர்த்தவரு. அவரு சொன்னதுல பொய் எவ்ளோ? மலாயாவுல வேலை இருக்கு, நெசம். கையில காசு குடுப்பாங்க, நெசம். லயத்துல தங்க வீடு இருக்கு, அதுவும் நெசம். சொல்லாம விட்டது என்ன? காட்ட அழிச்சி போட்ட புதுத் தோட்டங்கள்ல மலேரியா காய்ச்சல்ல எவ்ளோ பேர் செத்தாங்கங்கிறது, வாங்குன முன்பணம் கடனா தலையில நிக்கும்ங்கிறது, பிடிக்கலன்னா திரும்பிப் போறது லேசுல நடக்காதுங்கிறது. 1938ல இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புறத தடை பண்ற வரைக்கும் இந்தக் கங்காணி முறை ஓடுச்சு. இப்போ சார் கிட்ட கேக்குறேன், தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சிருந்தா என்ன மாறியிருக்கும்? விட்டுப்போன விஷயம் எந்தக் காகிதத்துலயும் இல்லையே, அப்புறம் எதப் படிக்கிறது?

1942க்கு வாங்க, ஜப்பான்காரன் மலாயாவ புடிச்சி ஆண்ட காலம். ஜப்பான்காரன் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டான், நம்ம பெரியவங்க சயாம் ரயில்னு சொல்லுவாங்க. அப்போ ரப்பர் வாங்க ஆளில்ல, பால் வெட்டு இல்ல, அரிசி கண்ணால பாக்க முடியல. வேலை இருக்கு, சம்பளம் இருக்கு, சாப்பாடு இருக்குன்னு சொல்லி தோட்டத்துல ஆள் எடுத்தான். வேலை இருந்துச்சு, அது பொய் இல்ல. காலராவையும் அடியையும் சொல்லல. எத்தனையோ பேர வலுக்கட்டாயமா புடிச்சி ஏத்துனான், அது வேற, அங்க நம்புறதுக்கே இடமில்ல. ஆனா அவன் சொன்னத நம்பிப் போயி திரும்பி வராதவங்க இருக்காங்களே, அவங்க படிக்காததனால செத்தாங்கன்னு இந்த மேடையில யாரு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். பசியில பிள்ளைங்க கிடக்கும்போது அந்த சேதி காதுல விழுந்தா டாக்டர் பட்டம் வாங்குனவனும் கிளம்பித்தான் போயிருப்பான்.

சரி, மனசு ஏன் இப்படி இருக்கு? மனசு எஸ்டேட் கேட்டுல நிக்கிற ஜாகா, அதான் காவல்காரன், அவன் மாதிரி. லாரி வந்தா ரெண்டு விஷயம் பாப்பான். ஓட்டுறவன் தெரிஞ்ச முகமா? முன்னாடி ஏத்தியிருக்குற சாமான் நமக்குத் தெரிஞ்ச சாமானா? ரெண்டும் சரின்னா கேட்ட தொறந்துடுவான், பின்னாடி கித்தானைத் தூக்கிப் பாக்க மாட்டான். முழுப் பொய் வந்தா ஜாகா புடிச்சிடுவான், ஏன்னா அது நமக்குத் தெரிஞ்ச எதோடயும் ஒட்டாது. பாதி உண்மை அப்படி இல்ல, அதுல இருக்குற உண்மைப் பாதி அந்த ரெண்டு சோதனையிலயும் பாஸாயிடும், மீதிப் பாதி அதோட சேர்ந்து உள்ள போயிடும். இதுதான் நான் இன்னைக்கு சொல்ல வந்த விஷயமே.

ஏன் ரெண்டே சோதனை? நம்ம மாதிரி மனுசனோட எலும்பு ஆப்பிரிக்காவுல, மொரோக்கோவுல ஜெபல் இர்ஹூட்ங்கிற இடத்துல கிடைச்சது, சுமார் 3 லட்சம் வருசம் பழசு. விவசாயம் வந்து சுமார் 10,000 வருசம். எழுத்து வந்து 5,000 வருசம் சொச்சம். அதுக்கு முன்னாடி இருந்த அத்தனை காலமும் மனுசன் சின்னச் சின்ன கூட்டமா, அறிஞ்ச முகங்களோடயே வாழ்ந்தான். ஒருத்தன் பொய் சொன்னா நாளைக்கும் அவன் மூஞ்சிலதான் முழிக்கணும், அவன் பேரு கெட்டா அவனுக்கு கறியில பங்கு கிடைக்காது. அந்த வாழ்க்கைக்கு ஆளப் பாத்து நம்புறதே போதும். அதுவும் இல்லாம மூளை நம்ம எடையில ஏறக்குறைய 2 சதவீதம்தான் ஆனா சும்மா உக்காந்திருக்கும்போதே உடம்பு செலவழிக்கிற சக்தியில 20 சதவீதம் போல அது தின்னுடுது, கேக்குற ஒவ்வொரு விஷயத்தையும் நோண்டி நோண்டி பாத்துக்கிட்டு இருந்தா வேட்டைக்கு எப்ப போறது பிள்ளைய எப்ப தூக்குறது. பயமும் அப்படித்தான். விடியக்காலை இருட்டுல பால் வெட்டப் போனவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, மரத்தடியில வளைஞ்சி கிடக்குறது வேரா பாம்பான்னு நின்னு யோசிச்சதுண்டா? முதல்ல காலத் தூக்குவீங்க. வேர பாம்புன்னு நெனச்சா ஒரு நிமிசம் நட்டம், பாம்ப வேர்னு நெனச்சா உசுரு நட்டம். தப்பா நம்புனாலும் பரவால்லன்னு நம்மள தள்ளி விட்டது அந்தக் கணக்குதான், அந்தக் கணக்குல தப்பிச்சவங்களோட பிள்ளைங்கதான் நாம எல்லாரும்.

இன்னொன்னு இருக்கு, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். 2005ல ஹார்னர், வைட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு பெட்டி செஞ்சாங்க. மேல ஒரு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை. ஒரு ஆளு குச்சிய எடுத்து முதல்ல மேல குத்திக் காட்டுவாரு, அப்புறம் கீழ விட்டு உள்ள இருக்குற பரிச எடுப்பாரு. மேல குத்துறது வெட்டி வேலை, ஆனா பெட்டி கறுப்பா இருந்தா அது தெரியாது. அதனால கறுப்புப் பெட்டியில சிம்பன்சி குரங்கும் ரெண்டையும் செஞ்சிச்சு. கண்ணாடி மாதிரி உள்ள தெரியிற பெட்டிய குடுத்தா குரங்கு மேல குத்துறத விட்டுட்டு நேரா கீழ போயிடுச்சு. மூணு நாலு வயசு மனுசப் பிள்ளைங்க? கண்ணுக்கு முன்னாடி பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சும் பெரியவங்க செஞ்ச மாதிரியே மேலயும் குத்துனாங்க! அப்போ குரங்கு நம்மள விட கெட்டியான்னு கேப்பீங்க. இல்ல. அப்படி கேள்வி கேக்காம காப்பி அடிக்கிறதுலதான் மனுசன் மனுசனானான். ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கிழங்கு தின்னுதான் நம்ம சனம் உசுரோட இருந்துச்சு. கசப்பு மரவள்ளியில சயனைட் விஷம் உண்டாகுற பொருள் இருக்கு, தோல உரிச்சி ஊற வெச்சி நல்லா வேக வெக்கணும். பாட்டிக்கு சயனைட்னா என்னன்னு தெரியுமா? தெரியாது, அவங்களுக்கு சொல்லிக் குடுத்தவங்க செஞ்ச மாதிரியே செஞ்சாங்க, குடும்பம் பொழச்சிச்சு. காரணம் தெரியாம நம்புறது இப்படி லட்சக்கணக்கான வருசம் நம்மள காப்பாத்திருக்கு, அந்தப் பழக்கத்த பள்ளிக்கூடத்துல பதினொரு வருசம் உக்காந்தா கழட்டி வெச்சிட முடியுமா?

எதிரணி இப்போ சொல்லும், அதெல்லாம் பழைய கதை, இன்னைக்கு படிச்சவன் கேள்வி கேப்பான்னு. டெங்கிய எடுத்துக்குங்க. பப்பாளி இலைச் சாறு குடிச்சா டெங்கி சரியாயிடும்னு வாட்ஸ்அப்ல வராத வீடு இந்த மண்டபத்துல இருக்கா? அத அனுப்புறது யாரு, எங்க தாமான்ல பாத்தா ரிட்டயர் ஆன ஆசிரியருங்க, ஆபீஸ்ல பெரிய பதவியில இருக்குறவங்க, டிகிரி முடிச்ச பிள்ளைங்க. அதுல உண்மை இல்லையா? இருக்கு. நம்ம மலேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து ஆளுங்களே 2013ல ஆய்வு வெளியிட்டாங்க, அந்தச் சாறு குடிச்ச டெங்கி நோயாளிங்களுக்கு ரத்தத்துல பிளேட்லெட் எண்ணிக்கை சீக்கிரம் ஏறுச்சுன்னு. இது உண்மைப் பாதி. விட்டுப்போன பாதிய கொஞ்சம் கவனமா கேளுங்க, தயவுசெஞ்சு. டெங்கியில ஆள கொல்றது பெரும்பாலும் பிளேட்லெட் இறங்குறது இல்ல, ரத்தக் குழாயில இருந்து நீர் கசிஞ்சி வெளிய போயி பிரஷர் விழுந்துடுறது. அதுவும் எப்போ நடக்கும்? காய்ச்சல் ஆரம்பிச்சி மூணு நாளுக்கு மேல, காய்ச்சல் இறங்குற நேரத்துல. வீட்டுல என்ன நெனப்பாங்க, சாறு குடுத்தோம் காய்ச்சல் இறங்கிடுச்சு, வேலை செஞ்சிடுச்சுன்னு. வயித்து வலி, விடாம வாந்தி, பல் ஈறுல ரத்தம், பிள்ளை சோர்ந்து போயி கிடக்குது, இதெல்லாம் வந்தா ஒரு நிமிசம் கூட வீட்டுல வெச்சிக்கக் கூடாது. எங்க பக்கத்து வீட்டுல இப்படித்தான் ஒரு பொம்பளப் பிள்ளைய வெச்சிக்கிட்டே இருந்தாங்க, அம்மா அப்பா ரெண்டு பேரும் படிச்சவங்க, கடைசியில ஐ.சி.யூல போட்டு காப்பாத்துனாங்க. முழுப் பொய்யா இருந்திருந்தா அவங்க நம்பியிருக்க மாட்டாங்க லா. ஆராய்ச்சின்னு இருந்துச்சு, அனுப்புனது மரியாதையான ஆளு, ஜாகா கேட்ட தொறந்துட்டான்.

இத நான் வாய்க்கு வந்தத சொல்லல. 2015ல லிசா ஃபாசியோங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் அமெரிக்காவுல யூனிவர்சிட்டி மாணவருங்கள வெச்சி பாத்தாங்க. ஒரு தப்பான வாக்கியத்த படிக்கக் குடுத்துட்டு, அப்புறம் மறுபடியும் காட்டி இது எவ்ளோ உண்மைன்னு கேப்பாங்க. அந்த வாக்கியத்துல ஒன்னு என்ன தெரியுமா? சேலைங்கிறது ஸ்காட்லாந்துக்காரங்க கட்டுற மடிப்பு வெச்ச குட்டைப் பாவாடை! சிரிக்கிறீங்க. ஆனா ஒரு தடவ ஏற்கனவே படிச்ச தப்பான வாக்கியத்த, புதுசா பாக்குற வாக்கியத்த விட உண்மைன்னு கொஞ்சம் கூடுதலா மார்க் போட்டாங்க, சரியான பதில் அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்துல கூட அப்படித்தான். திரும்பத் திரும்ப காதுல விழுந்தா மனசுக்குப் பழக்கமாயிடுது, பழக்கமானத மனசு உண்மைன்னு எடுத்துக்குது, கையில இருக்குற அறிவு அங்க வந்து தடுக்கல.

டான் கஹான்னு ஒரு ஆராய்ச்சியாளரு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கருங்க கிட்ட ஒரே எண்களக் குடுத்தாரு, சிலர் கிட்ட தோல் கிரீம் வேலை செய்யுதான்னு, வேற சிலர் கிட்ட துப்பாக்கித் தடை குற்றத்தக் குறைக்குதான்னு. கிரீம் கணக்குல கணக்குப்புலிங்க சரியா சொன்னாங்க. துப்பாக்கின்னு வந்ததும் அவங்கவங்க கட்சிக்குப் புடிச்ச விடைதான் வந்துச்சு, அதுலயும் கணக்கு நல்லா வர்றவங்க நடுவுலதான் பிளவு அதிகம். படிப்பு ஜாகாவ மாத்தல, ஏற்கனவே உள்ள விட்ட லாரிக்கு நல்லா வக்காலத்து வாங்க கத்துக் குடுத்துடுச்சு.

நம்ம மண்ணுலயே நடந்தவரு ஒருத்தர் இருக்காரு, ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1854ல மலாக்காவுக்கு வந்தாரு, குனோங் லேடாங் ஏறுனாரு, சரவாக்ல இருந்தாரு. 1858ல டெர்னாத்தே தீவுல இருந்து டார்வினுக்கு கடிதம் எழுதுனாரு, உயிர்கள் எப்படி பரிணாமத்துல மாறுதுங்கிறத டார்வின் மாதிரியே தனியா கண்டுபுடிச்ச ஆளு. அப்பேர்ப்பட்டவரு ஊருக்குத் திரும்பிப் போயி ஆவிகளோட பேசுறோம்னு சொன்னவங்கள நம்புனாரு, அவங்களுக்காக வாதாடுனாரு. வாலஸ் அதிகம் பள்ளிக்கூடம் போகலன்னு சார் சொல்லலாம், சரி, அப்போ வில்லியம் குரூக்ஸ்? தாலியம்ங்கிற தனிமத்தக் கண்டுபுடிச்சவரு, லண்டன் ராயல் சொசைட்டிக்கே தலைவரா இருந்தவரு, அவரும் அதே ஆவிக் கூட்டத்துல இருந்தாரு. அவங்கள முட்டாள்னு சொல்ல எனக்கு மனசு வராது. நம்ம தாத்தாவுக்கு இருந்த அதே மனசுதான் அவங்களுக்கும்.

பள்ளிக்கூடம் வேணாம்னு நான் சொல்லல, தமிழ்ப்பள்ளியில படிச்சவன்தான் நானும், பிள்ளைங்க படிக்கணும் மேல போகணும். ஆனா படிச்சிட்டோம் இனி நம்மள யாரும் ஏமாத்த முடியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்குறவனுக்குத்தான் இன்னைக்கு மக்காவ் ஸ்கேம்காரன் போன் அடிக்கிறான், உங்க பேங்க் கணக்குல பிரச்சினை போலீஸ்ல இருந்து பேசுறோம்னு. 2022ல இப்படி ஏமாந்தவங்க கூப்பிடுறதுக்குன்னே அரசாங்கம் 997ன்னு ஒரு நம்பரே தனியா தொறக்க வேண்டி வந்துச்சு, படிச்சவங்க நாடுதானே இது?

நடுவர் அம்மா, கடைசியா உங்களுக்கு ஒன்னு. 1996ல பிரென்னர், கோலர், ட்வெர்ஸ்கின்னு மூணு பேர் ஒரு வழக்கோட ஒரு தரப்ப மட்டும் சிலருக்குச் சொன்னாங்க, சிலருக்கு ரெண்டு தரப்பையும் சொன்னாங்க. ஒரு தரப்பு மட்டும் கேட்டவங்களுக்கு நாம பாதிதான் கேட்டிருக்கோம்னு நல்லாவே தெரியும். இருந்தும் அந்தப் பக்கமே சாஞ்சாங்க, ரெண்டையும் கேட்டவங்கள விட உறுதியா வேற இருந்தாங்க. அதனால நான் பேசினதுலயும் எத விட்டேன்னு எதிரணி தங்கச்சி எழுந்து தேடட்டும், தாராளமா தேடட்டும். தேடும்போது எனக்கு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உக்காருங்க தங்கச்சி. சேலை ஸ்காட்லாந்து பாவாடைன்னு ஒரு தடவ படிச்சதுக்கே மனசு சாஞ்ச அந்த யூனிவர்சிட்டி பிள்ளைங்களுக்கு, இன்னும் எத்தனை வருசப் படிப்பு பாக்கி இருந்துச்சு?