நான்காவது கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்கள் ஒரு தொலைக்காட்சியின் காலைச் செய்திப் பிரிவில் வேலை பார்த்தேன். திரையில் முகம் வரும் வேலை இல்லை. படிப்பவர் படிப்பதற்கு எழுதிக் கொடுக்கும் வேலை. அதிகாலை மூன்றரைக்கு அலாரம் அடிக்கும். தெருநாய்கள் கூடத் தூங்கும் நேரத்தில் அலுவலக வண்டி வாசலில் வந்து நிற்கும். ஏழு மணிக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் சிரித்த முகத்தோடு "வணக்கம்" சொல்கிறாரே, அவர் அதற்குள் மூன்று மணி நேரம் வேலை பார்த்திருப்பார். ஒரு கன்னத்தில் பவுடர் ஏறிக்கொண்டிருக்கும், மடியில் செய்தித் தாள்கள், பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர். நேரலையில் எதிரே விருந்தினர் பேசிக்கொண்டிருப்பார், காதில் இருக்கும் இயர்பீஸில் தயாரிப்பாளர் "இன்னும் முப்பது செகண்ட், முடிங்க, முடிங்க" என்று கத்திக்கொண்டிருப்பார். இரண்டையும் கேட்டுக்கொண்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் பார்பரா வால்டர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காரணம் எளிது. அவரும் பிறர் படிக்க எழுதிக் கொடுப்பவராகத்தான் காலை நிகழ்ச்சிக்குள் நுழைந்தார்.

முதலில் அந்த நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை. என்.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் 1952 ஜனவரியில் 'டுடே' என்ற பெயரில் ஒரு காலைச் செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியது. விடிந்ததும் விடியாததுமாக யார் தொலைக்காட்சி பார்ப்பார்கள் என்று பலர் சிரித்தார்கள். முதல் தொகுப்பாளர் டேவ் கேரவே. கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும்படி ஸ்டூடியோ. அடுத்த வருடம் ஒரு சிம்பன்ஸிக் குரங்கையும் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். குழந்தைகள் குரங்கைப் பார்க்க வந்தார்கள், பின்னாலேயே பெற்றோரும் விளம்பரதாரர்களும் வந்தார்கள். செய்தியோடு கொஞ்சம் வேடிக்கை என்ற அந்தச் சேர்மானம் இன்றைக்கும் மாறவில்லை. குரங்கு மட்டும்தான் இல்லை.

சரி, பார்பராவுக்கு வருவோம். 1929 செப்டம்பரில் பாஸ்டனில் பிறந்தார். அப்பா லூ வால்டர்ஸ் 'லத்தீன் குவார்ட்டர்' என்ற இரவு விடுதிகளை நடத்தியவர். பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் வந்து ஆடிப் பாடிய இடம். அதனால் பிரபலங்களைப் பார்த்தால் கை கால் நடுங்கும் பழக்கம் அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே போய்விட்டது. ஆனால் அப்பா காசு வந்தால் அள்ளி விடுவார், போனால் அடியோடு போகும். ஐம்பதுகளின் இறுதியில் ஒரேயடியாகப் போனது. அக்கா ஜாக்குலினுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரையும் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு இளைய மகள் தலையில் விழுந்தது. அவர் ஏன் அப்படி ஓடி ஓடி உழைத்தார் என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். பின்னாளில் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து அக்காவின் பெயரையே வைத்தார்.

1961இல் 'டுடே'யில் எழுத்தாளராகவும் தகவல் திரட்டுபவராகவும் சேர்ந்தார். அங்கே அப்போது 'டுடே கேர்ள்' என்று ஒரு பதவி. வானிலை சொல்வது, ஃபேஷன் பேசுவது, ஆண் தொகுப்பாளர் ஏதாவது சொன்னால் சிரிப்பது. அழகிப் போட்டியில் வென்றவர்கள், நடிகைகள் அந்த நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். தேநீர் ஊற்றும் வேலை என்று பார்பராவே பின்னாளில் கிண்டல் செய்வார். 1962இல் ஜாக்குலின் கென்னடி இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் பயணம் வந்தபோது கூடவே வந்து செய்தி அனுப்பினார். அது அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. 1964இல் நடிகை மரீன் ஓ'சல்லிவன் அந்த நாற்காலியை விட்டுப் போனதும், வேறு ஆளைத் தேடுவானேன், எழுதுகிற இந்தப் பெண்ணையே உட்கார வைப்போம் என்று முடிவானது. அப்போது தொகுப்பாளராக இருந்த ஹியூ டவுன்ஸ் அவருக்காகப் பரிந்து பேசினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பார்பராவுக்கு 'ர' சரியாக வராது. 'வ' மாதிரி ஒலிக்கும். நம் பக்கம் குரல் தேர்வு என்றால் ழகரத்தில் தடுக்கினாலே ஆளை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அந்த நாக்கோடுதான் அவர் ஐம்பது வருடம் பேசினார். பின்னாளில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் கில்டா ராட்னர் என்ற நடிகை 'பாபா வாவா' என்று அவரைப் போலவே பேசிக் காட்டியபோது நாடே சிரித்தது. அவருக்கு வலித்தது. அம்மா, இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றாளாம் மகள்.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்த கதை 1971இல் தொடங்குகிறது. ஹியூ டவுன்ஸ் விலகி ஃபிராங்க் மெகீ வந்தார். போர்க்களங்களைப் பார்த்த, கனமான செய்தியாளர். தன் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து மந்திரிகளையும் தூதர்களையும் கேள்வி கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நேரே நிறுவனத் தலைவரிடம் போனார். ஒரு தீர்ப்பு வந்தது. முக்கியமான விருந்தினர் ஸ்டூடியோவுக்கு வந்தால் முதல் மூன்று கேள்வி மெகீயுடையது. நான்காவது கேள்வியிலிருந்துதான் பார்பரா வாய் திறக்கலாம்.

இந்த விதியின் கொடுமை வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. காலை நேர்காணல் என்பது ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். மூன்று கேள்வி முடிவதற்குள் பாதி நேரம் ஓடிவிடும். நல்ல கேள்வி எல்லாம் தீர்ந்திருக்கும். நான்காவது ஆளுக்கு மிஞ்சுவது "உங்கள் மனைவி சௌக்கியமா" ரகம்தான். இயர்பீஸில் வேறு "முடிங்க" ஆரம்பித்திருக்கும்.

பார்பரா சண்டை போடவில்லை. விதியை நன்றாகப் படித்தார். ஸ்டூடியோவுக்குள் வருகிறவர்களைப் பற்றித்தானே அது பேசுகிறது? வெளியே போய் எடுத்து வந்தால்? கடிதம் எழுதினார், ஃபோன் போட்டார், விடாமல் துரத்தினார். கேமராவோடு கிளம்பி அவரவர் இடத்துக்கே போனார். அங்கே எல்லாக் கேள்வியும் அவருடையது. அதிபர் நிக்ஸனின் வலது கையான ஹால்டமனை அப்படித்தான் பிடித்தார். நிக்ஸனின் வியட்நாம் கொள்கையைக் குறை சொல்பவர்கள் தெரிந்தே எதிரிக்கு உதவுகிறார்கள் என்று ஹால்டமன் சொல்லிவிட, 1972 பிப்ரவரியில் அது பெரிய தலைப்புச் செய்தி. அதே மாதம் நிக்ஸன் சீனா போனபோது உடன் போன செய்தியாளர் கூட்டத்தில் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவர்களில் இவரும் ஒருவர்.

அவர் தயாரிக்கும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். உள்ளங்கை அளவு அட்டைகள். ஒவ்வொன்றிலும் கேள்வி. முதலில் நூற்றுக்கணக்கில் எழுதுவார், அலுவலகத்தில் யாரைப் பார்த்தாலும் "நீ என்றால் என்ன கேட்பாய்" என்று பிடுங்குவார். பிறகு கழித்துக் கழித்து, வரிசையை மாற்றி மாற்றி அடுக்குவார். எழுத்து மேசையிலிருந்து வந்தவருக்கே உள்ள புத்தி அது. எனக்கு இந்த அட்டைகள் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு.

இதற்கிடையே அவரது ஒப்பந்தத்தில் ஒரு வரி ஏறியிருந்தது. மெகீ எந்தக் காரணத்தால் நிகழ்ச்சியை விட்டுப் போனாலும் பார்பரா இணைத் தொகுப்பாளர் ஆவார் என்று. மெகீ எங்கே போகப் போகிறார் என்று நிர்வாகம் கையெழுத்துப் போட்டிருக்கும். மெகீக்குப் புற்றுநோய் இருந்தது, அதை வெளியில் காட்டாமலேயே நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். 1974 ஏப்ரலில் இறந்தார். அடுத்த சில நாளில் என்.பி.சி. அந்த வரிக்குக் கட்டுப்பட்டது. பத்து வருடமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு அந்த வேலையின் பெயர் அன்றுதான் கிடைத்தது. 'டுடே'யில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

1976இல் போட்டித் தொலைக்காட்சியான ஏ.பி.சி. அழைத்தது. மாலைச் செய்தியை இணைந்து வழங்கும் முதல் பெண், வருடத்துக்கு 10 லட்சம் டாலர். அதில் பாதி, சிறப்பு நேர்காணல் நிகழ்ச்சிகளுக்காக பொழுதுபோக்குப் பிரிவு கொடுத்த பணம் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். பத்திரிகைகள் கிழித்தன. பக்கத்து நாற்காலிக்காரர் ஹாரி ரீசனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அது திரையிலேயே தெரிந்தது. அந்த நாட்களில் ஒரு தந்தி வந்தது. அந்தப் பயல்களிடம் தளர்ந்துவிடாதே என்ற அர்த்தத்தில் ஒரே வரி. அனுப்பியவர், அவர் நேரில் சந்தித்தே இராத நடிகர் ஜான் வெய்ன். இருந்தும் அந்த ஜோடி 1978க்கு மேல் நீடிக்கவில்லை.

அதற்குப் பின் நீண்ட பயணம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். '20/20' என்ற நிகழ்ச்சியில் மறுபடியும் ஹியூ டவுன்ஸோடு ஒரே மேசை. 1997இல் ஐந்து பெண்கள் உட்கார்ந்து பேசும் 'தி வியூ'. 1999இல், அதிபர் கிளின்டனோடு இருந்த உறவால் பரபரப்பாகப் பேசப்பட்ட மோனிக்கா லெவின்ஸ்கியின் பேட்டி, ஏறத்தாழ 5 கோடிப் பேர் பார்த்தது. குறைகளும் உண்டு. விருந்தினரை அழ வைத்தே தீருவார் என்ற பேச்சு இருந்தது. அதிகாரத்தில் இருப்பவர்களோடு நெருக்கம் அதிகம். எண்பதுகளில் அமெரிக்கா ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் ஒரு ஆயுதத் தரகரின் செய்தியை அதிபர் ரீகனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது எனக்கு இன்றும் உடன்பாடில்லை. செய்தியாளர் தூது போகக் கூடாது. 2014இல் ஓய்வு பெற்றார், 2022 டிசம்பர் 30 அன்று 93 வயதில் காலமானார்.

ஒன்றை விட்டுவிட்டேன். 1977 நவம்பரில் எகிப்து அதிபர் சாதாத் ஜெருசலேம் போனார். அவரையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து முதல் பேட்டியை எடுத்தது பார்பரா. அடுத்து உள்ளே போனவர் அமெரிக்கச் செய்தி உலகின் பெரியவர் வால்டர் குரோன்கைட். அவரும் பேட்டி எடுத்தார், முடித்தார். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை. தலைவர்கள் இருவரிடமும் அவர் மெதுவாகக் கேட்டது ஒலிப்பதிவில் விழுந்துவிட்டது: எனக்குக் கிடைக்காதது ஏதாவது பார்பராவுக்குக் கிடைத்ததா?

வணக்கம்.