தலைக்கு ஒரு கைக்கருவி

நேயர்களுக்கு வணக்கம்.

கழுத்து வலி, தோள் வலி என்று வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர் நான். வலியைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, கிளம்பும் நேரத்தில் சிலர் பையிலிருந்து ஒரு பொருளை வெளியே எடுப்பார்கள். "ஆஃபர்ல வந்துச்சு டாக்டர், வாங்கிட்டேன். யூஸ் பண்ணலாமா?" என்பார்கள். பார்த்தால் தலை மசாஜ் கருவி. வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம், பரவாயில்லை. அந்தக் கருவியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் உங்கள் தலையையே கொஞ்சம் தொட்டுப் பார்த்துவிடலாம். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். இரண்டு கை விரல்களையும் நெற்றியின் இரு ஓரத்திலும் உள்ள நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே வைத்து, கடைவாய்ப் பற்களை அழுத்திக் கடியுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ புடைக்கிறது அல்லவா? அது மெல்லுவதற்கான தசை. டென்ஷனில் நம்மை அறியாமலே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோமே, சாயங்காலம் தலை பாரமாவதில் அதற்கும் பங்கு உண்டு. இது தவிர நெற்றியில் ஒரு தசை, பின்மண்டையில் ஒரு தசை. இரண்டையும் இணைத்துக்கொண்டு உச்சந்தலையில் தடித்த சவ்வு ஒன்று போகிறது. அதாவது, உச்சியில் தசை என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் கருவி கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் வைப்பது உச்சியில்தான்!

இப்போது விரல்களை முடிக்குள் விட்டுத் தோலில் பதித்து, விரலை வழுக்கவிடாமல் முன்னும் பின்னும் அசையுங்கள். தலைத்தோல் மொத்தமாக நகரும். தலைத்தோலில் 5 அடுக்குகள் இருக்கின்றன. மேலே உள்ள 3 அடுக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டியவை. நான்காவது அடுக்கு தளர்வானது என்பதால் அந்த மூன்றும் சேர்ந்து அதன் மேல் நகர்கின்றன. நல்ல மசாஜ் என்றால் இந்த நகர்வு வேண்டும். கருவி தோலை நகர்த்தாமல் மேலாக உரசிக்கொண்டே ஓடினால் சிக்குதான் மிச்சம்.

சரி, கடைக்குப் போவோம். மலிவானது கம்பிக் கருவி. முட்டை அடிக்கும் கம்பியை அடிப்பக்கம் பிரித்துவிட்ட மாதிரி இருக்கும். கண்டிப்பாகச் சொன்னால் இது மசாஜே இல்லை, சுகமான கூச்சம். தோலில் உள்ள நரம்பு நுனிகளை மட்டும் தொட்டுவிட்டுப் போகும், உடம்பு சிலிர்க்கும். ஓய்வுக்கு அதுவே போதும் என்பவர்களுக்கு நான் தாராளமாக இதைத்தான் சொல்வேன். ஆனால் அடுத்தவர் கையால் செய்துகொள்ள வேண்டும். நம் கை அடுத்து எங்கே தொடப்போகிறது என்பது மூளைக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், நாமே செய்துகொண்டால் பாதி சுகம் போய்விடும். வாங்கும்போது ஒவ்வொரு கம்பியின் நுனியையும் உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். நுனியில் உள்ள மணி ஒன்று கழன்றிருந்தாலும் கம்பி தோலைக் கீறிவிடும்.

அடுத்தது சிலிக்கான் பற்கள் வைத்த பிரஷ். ஷாம்பூ போடும்போது நகத்துக்குப் பதிலாகப் பயன்படும். பற்கள் வளைந்துகொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டியது சார்ஜ் ஏற்றும் மின்கருவி. நான்கு தலைகள் சுழன்று பிசைந்துவிடும். எத்தனை முனைகள், எத்தனை வேகம் என்பதெல்லாம் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும். நான் முதலில் பார்ப்பது எடையைத்தான். கையை உயர்த்தித் தலைக்கு மேல் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், தோள் தசை இறுகிவிடும். தலைவலியை விரட்டப் போய் தோள்வலியை வாங்கி வந்தவர்களையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கனமான கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், முழங்கையை மேசையில் ஊன்றித் தலையைக் கருவி மேல் சாய்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சத்தம். கடைக்காரர் கையில் வைத்து ஓட்டிக் காட்டும்போது அமைதியாக இருக்கும். தலையில் வைத்தால் அதிர்வு மண்டையோடு வழியாக நேராக உள்காதுக்குப் போவதால் அதே சத்தம் பெரிதாகக் கேட்கும். அதனால் தலையில் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். குளிக்கும்போது பயன்படுத்துவதென்றால் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும்தான் தாங்கும். எதுவானாலும் சார்ஜில் இருக்கும்போது தலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். நீளமான முடி என்றால் முதலில் சிக்கெடுத்துவிடுங்கள். குறைந்த வேகத்தில் பிடரியிலிருந்து தொடங்குங்கள். கழுத்தும் மண்டையோடும் சேருகிற இடத்தில், எலும்பின் விளிம்பை ஒட்டி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். இழுக்கக் கூடாது. பிறகு எடுத்து அடுத்த இடத்தில் வையுங்கள். பிடரி, காதுக்குப் பின்னால், காதுக்கு மேல், அப்புறம் நெற்றி. வாயை லேசாகத் திறந்தபடி இருங்கள், தாடையும் தளரும். உச்சிக்குக் கடைசியில் வந்தால் போதும். மொத்தம் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் வேண்டவே வேண்டாம், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் அங்கே இருக்கின்றன.

முடி வளருமா என்று கேட்காதவர்கள் குறைவு. 2016இல் ஜப்பானில் 9 ஆண்களுக்கு 24 வாரம், தினமும் 4 நிமிடம் கருவியால் மசாஜ் செய்து பார்த்தார்கள். முடியின் தடிமன் சற்றுக் கூடியது. 9 பேரை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. வழுக்கையில் புதிதாக முடி முளைத்ததாகவும் அதில் இல்லை. அதனால் அந்த ஆசையில் காசு போடாதீர்கள்.

பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி மேல் எந்தக் கருவியும் கூடாது. தலையில் புண், தையல், அண்மையில் பட்ட அடி இருந்தாலும் வேண்டாம். 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி வந்து, தலை சீவினாலே தோல் வலிக்கிறது, மெல்லும்போது தாடை வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்றால், கருவியை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரத்தக் குழாய் அழற்சியாக இருந்தால் பார்வையே பறிபோகலாம்.

கடைசியாக, கருவியைக் கழுவுவது. எண்ணெயும் பொடுகும் பற்களின் அடியில் அப்பிக்கொள்ளும். ஷாம்பூ கலந்த தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். மின்கருவியின் தலைகள் கழற்றக் கூடியவை என்றால் கழற்றிக் கழுவுங்கள். பேனும் படர்தாமரையும் பரவும் என்பதால் வீட்டில் ஆளுக்கொரு பிரஷ் இருக்கட்டும். மின்கருவி ஒன்றே ஒன்று என்றால் ஆளுக்கொரு செட் தலைகள் வாங்கி வைத்துக்கொள்ளலாம், சில கம்பெனிகள் அவற்றைத் தனியாகவும் விற்கின்றன.

வணக்கம்.