பெட்டிக்குள் இருக்கும் பேச்சு ஊருக்கு வரட்டும்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாசகசாலைச் செயலாளர் அவர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, தாய்மார்களே, பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"வானொலியும் நம் ஊரும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பழைய நினைவுகளைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் ஒரு கோரிக்கையும் கொண்டுவந்திருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள் பணத்தில் நடக்கும் வானொலியும் தொலைக்காட்சியும் இத்தனை காலம் பதிவு செய்து வைத்திருக்கும் சொற்பொழிவுகளை, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கும்படி இணையத்தில் போட வேண்டும். அந்த வேலையில் இந்த வாசகசாலைக்கும் ஒரு பங்கு உண்டு.

நம் சித்தூர்த் தாலுகா முன்பு கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் பிறந்தபோது அதோடு வந்தோம். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி. இப்படித்தான் வளர்ந்தோம். வேலந்தாவளம், மீனாட்சிபுரம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரியை நிறுத்தினார்கள், வானொலியை யாரும் நிறுத்தவில்லை. பொழுது சாய்ந்ததும் என் அப்பா கடலைக் களத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, தலைமாட்டில் ரேடியோவை வைப்பார். இருட்டினால் மத்திய அலை வெகுதூரம் போகும். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் கொரகொரவென்று வந்து சேரும். முள்ளைக் கொஞ்சம் திருப்பினால் திருச்சூர், அதில் "வயலும் வீடும்". தென்னைக்கு உரம் மலையாளத்தில் கேட்டோம், கடலைக்கு மருந்து தமிழில் கேட்டோம். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அவருக்குத் தெரிந்த முப்பது நாற்பது குறளும் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு காதால் வாங்கியவை. யாரோ ஒரு புலவர் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து பேசியது, பள்ளிக்கூடம் போகாத ஒரு மனிதருக்குச் சொத்தாகிவிட்டது.

தஞ்சாவூர்ப் பக்கம் 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது. அதை உழவர்கள் "ரேடியோ நெல்" என்று கூப்பிட்டார்கள். திருச்சி நிலையத்தில் விவசாய அதிகாரிகள் பேசியதைக் கேட்டு விதைத்ததால் அந்தப் பெயர். வானொலிப் பேச்சு ஒரு நெல்லுக்கே பெயராக நின்றிருக்கிறது.

சரி, அந்தப் பேச்சுகள் எல்லாம் இப்போது எங்கே? எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முப்பத்தைந்து வருஷம் முன்பு ஒரு வானொலி நிலையத்தில் கவலை இறைப்பு பற்றி, அதாவது மாடு கட்டிக் கிணற்று நீர் இறைப்பது பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். எனக்குப் புத்தக அறிவுதான், அதனால் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போனேன். மைக்கைப் பார்த்ததும் முதலில் அவருக்கு வாய் எழவில்லை. அப்புறம் கையை மாட்டின் முதுகில் வைத்திருப்பதுபோல் காற்றில் வைத்துக்கொண்டு, சால், வடக்கயிறு, தும்பி என்று கவலையின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மாடு பின்னுக்கு வரும்போது போடும் சத்தத்தையும், சால் நிறைந்து ஏறும்போது பாடும் இரண்டு அடியையும் பாடிக் காட்டினார். பத்து நிமிஷம் ஒலிபரப்பானது. அவர் காலமான பிறகு மகன் என்னிடம் வந்து, "சார், அப்பன் குரல் அதுல இருக்குமில்லைங்களா?" என்று கேட்டார். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், பதிவேட்டைப் புரட்டித் தேடினார். டேப் தட்டுப்பாட்டில் அதை அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டார்கள். மகன் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த இரண்டு அடி எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார். சொல் நினைவிருந்தது, ராகம் நினைவில்லை.

அந்தக் காலத்தில் ஸ்பூல் டேப் விலை அதிகம், அழித்து அழித்துப் பதிவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. மிச்சமிருப்பதையாவது வெளியே கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன். காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கிறது, அது நமக்காகக் காத்திருக்காது.

பிற நாடுகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிரிட்டனில் பிபிசி 1948இல் ரீத் சொற்பொழிவுகள் என்ற வானொலித் தொடரைத் தொடங்கியது. முதலில் பேசியவர் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். 2011இல் அந்தக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார்கள், ஒலியும் எழுத்துப் பிரதியும் கிடைக்கின்றன. நம் ஊர்த் தென்னந்தோப்பில் உட்கார்ந்து கேட்கலாம், நான் கேட்டிருக்கிறேன். கனடாவில் 1961 முதல் மாஸி சொற்பொழிவுகள் நடக்கின்றன. அதில் எனக்குப் பிடித்தது, இந்த நூற்றாண்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனதுதான். ஐந்து பேச்சு, ஐந்து நகரம், மக்கள் முன்னால் பேசிப் பதிந்து, பிறகு வானொலியில். தமிழில் அப்படி ஒன்று வந்தால் ஒரு பேச்சு மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில், ஒன்று ஆந்திரத்து நகரியில், ஒன்று இதோ இந்தத் திடலில் என்று எல்லையோரத் தமிழர்களைத் தேடி வரலாமே.

நம்மிடமும் மரபு இருக்கிறது. ஆகாசவாணி 1955இல் சர்தார் படேல் நினைவுச் சொற்பொழிவைத் தொடங்கியபோது முதலில் பேசியவர் ராஜாஜி. இன்று நியூஸ் ஆன் ஏர் செயலியில் தமிழ் நிலையங்களை நேரடியாகக் கேட்க முடிகிறது. சில நிலையங்கள் யூடியூபிலும் போடுகின்றன. மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் நேரடி ஒலிபரப்பு ஓடுகிற தண்ணீர், அந்த நேரத்தில் வயலில் இருந்தவனுக்கு இல்லை. யார் பேசினார், எதைப் பற்றி, எந்தத் தேதி என்று தமிழில் எழுதி, தேடினால் கிடைக்கும்படி அடுக்கி வைக்க வேண்டும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் வீடியோவாகவே போடாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை நொடிக்கு 32 கிலோபிட் அளவுள்ள ஒலிக்கோப்பாக வைத்தால் 14 எம்பிதான் ஆகும், வீடியோ என்றால் பல நூறு எம்பி. 2020 ஜூன் மாதம், கொரோனாவால் பள்ளி மூடியிருந்தபோது, கேரள அரசின் விக்டர்ஸ் கல்விச் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற வீட்டுவழி வகுப்புகள் தொடங்கி, தமிழ் வழிப் பிள்ளைகளின் பாடங்களும் இணையத்தில் வந்தபோது இந்தக் கணக்கு நமக்கு உறைத்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன், மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துவிடும். அந்த அம்மா ராத்திரியில் பாடத்தை இறக்கி வைத்து, காலையில் போனை ஒரு காலிச் செம்புக்குள் நிறுத்தி வைப்பார். செம்பு சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டை மனதில் வைத்துத்தான் களஞ்சியம் கட்ட வேண்டும்.

உரிமைச் சிக்கல் வரும் என்பார்கள், வரத்தான் செய்யும். பொதுமேடையில் பேசிய பேச்சுக்கு முதல் உரிமை பேசியவருக்கே என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. எழுத்துக்கு இருப்பதுபோல அதற்கும் அவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. ஆகவே பழைய பேச்சுகளுக்கு வாரிசுகளைத் தேடிக் கேட்க வேண்டும். கஷ்டமான வேலை, ஆனால் அப்பாவின் குரலைக் கேட்க எந்தப் பிள்ளை மறுக்கும்? இனிப் பேசுகிறவர்களிடம் அன்றைக்கே ஒரு தாளில் சம்மதம் வாங்கிவிடலாம்.

அதனால் வாசகசாலைக்கு நான் கேட்பது இதுதான். ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதிக்கு ஒரு மனு எழுதுவோம், எல்லையோர வாசகசாலைகள் எல்லாம் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம். பதில் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். மாதம் ஒரு பேச்சு, கவலை ஓட்டியவர், கள்ளிறக்கியவர், பிரசவம் பார்த்த பாட்டி, யாராக இருந்தாலும் சரி, பதிந்து பெயரும் தேதியும் போட்டு இணையத்தில் ஏற்றுவோம்.

இந்த மேசையில் ஒரு போன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செயலாளரின் மகள் காலையிலிருந்து எல்லோர் பேச்சையும் அதில் பதிந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் சம்மதத் தாள் இருக்கிறது, என் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டேன். எனக்கு முன்னால் பேசிய மூவரும் சாப்பிடப் போகும் முன் ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போங்கள். வணக்கம்.