‘அசுரன்’ பார்த்தாச்சு, ‘வெக்கை’ படிக்கணுமா?

அடுத்த கேள்வி. “சார், ‘அசுரன்’ ரெண்டு தடவை பார்த்துட்டேன். மூலக்கதை ‘வெக்கை’ நாவல்னு சொல்றாங்க. கதைதான் தெரிஞ்சுபோச்சே, இனிமே அதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?”

நியாயமான கேள்விதாங்க. இதே சாக்கைச் சொல்லித்தான் நானும் அந்தப் புத்தகத்தை ரொம்ப நாள் தொடாம வச்சிருந்தேன். போன மாசம்தான் எடுத்தேன். ஒரே மூச்சுல முடிச்சேன்னு சொல்ல ஆசைதான், ஆனா அது பொய். முதல் இருபது பக்கம் பெரும்பாடு. அப்பா வாயைத் திறந்தாலே தனுஷ் முகம் வந்து நிக்குது. மூடி வச்சுட்டேன். மறுநாள்தான் திரும்ப எடுத்தேன்.

அந்த முகம் எப்பப் போச்சுன்னா, இது அப்பாவோட கதை இல்லைன்னு பிடிபட்டப்ப. படத்துல சிவசாமிதான் எல்லாம், அவரோட வாலிபக் கதையே பெரிய பங்கு. நாவல் பையனோடது. சிதம்பரம், 15 வயசு. அவன் பார்க்கிறதைத்தான் நாமளும் பார்க்கிறோம், அப்பாவையும் சேர்த்து. ஒரு பையன் தன் அப்பாவை நிமிர்ந்து பார்க்கிற பார்வை இருக்கு பாருங்க, அதுல நடிகருக்கு இடமே இல்லை.

பூமணி இதை எழுதி புத்தகமா வந்தது 1982-ல. படம் 2019. கொலை எப்ப நடக்கும்னு காத்திருக்க வேண்டாம், எடுத்த எடுப்புலயே நடந்துடுது. அதுவும் சிதம்பரம் கொல்லணும்னு போகலை, எதிராளியோட கையை வெட்டணும்னுதான் போறான். ஆள் போயிடுறான். வேற யாராவதா இருந்தா இதைப் பொத்திப் பொத்திக் கடைசிக்கு வச்சிருப்பாங்க.

அதுக்கப்புறம் எட்டு நாள் அப்பனும் மகனும் ஒளிஞ்சு திரியறாங்க. அவ்வளவுதாங்க நாவல். ஆனா மாட்டுவாங்களா தப்பிப்பாங்களாங்கிறது எனக்குப் பாதியிலயே மறந்துபோச்சு. அடுத்த வேளை வயித்துக்கு என்ன, தண்ணி எங்க, ராத்திரி எங்க படுக்கிறது, இதுலயே மனசு கிடந்துச்சு. அப்பா உட்கார வச்சு நீதி போதனை பண்றதும் இல்லை. கூட நடக்கிறார், பேசிக்கிட்டே நடக்கிறார். எனக்கு அதுதான் தொண்டையை அடைச்சுது. படத்துல அழுத இடம் வேற, இங்க அழுத இடம் வேற.

குறை இல்லாம இல்லை. பழைய கதையெல்லாம் பேச்சோட பேச்சா வரும். யார் யாருக்கு என்ன முறை, எந்தச் சண்டை முந்தி, எது பிந்தி, ஒரே குழப்பம். துண்டுச் சீட்டுல எழுதி வச்சுக்கிட்டுப் படிச்சேன், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. பேச்சும் கரிசக்காட்டுப் பேச்சு, பழக்கமில்லாதவங்களுக்கு முதல்ல முட்டும். வாய்விட்டுப் படிங்க, காது பிடிச்சுக்கும்.

அந்தச் சூட்டோட பூமணியோட முதல் நாவல் ‘பிறகு’, 1979-ல வந்தது, அதையும் எடுத்தேன். செருப்புத் தைக்கிற அழகிரியோட வாழ்க்கை. நான் ‘வெக்கை’யோட ஓட்டத்தை எதிர்பார்த்துப் போய் உட்கார்ந்தேன், அது பாட்டுக்கு மாட்டுவண்டி மாதிரி நிதானமாப் போகுது. தப்பு என் மேலதான். ரெண்டுக்கும் நடுவுல பத்து நாளாவது இடைவெளி விட்டிருக்கணும். 2014-ல சாகித்ய அகாதெமி விருது வாங்கின ‘அஞ்ஞாடி’ இன்னும் பாக்கி. ஆயிரம் பக்கத்துக்கு மேல, பார்த்தாலே கை நடுங்குது.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். கதை தெரியும்னு சொன்னீங்க. புத்தகத்தோட முடிவு தெரியுமா? படத்துல வந்ததுதானான்னு நான் சொல்ல மாட்டேன். அந்த இருபது பக்கத்துக்கு மட்டும் தனுஷைக் கொஞ்சம் பொறுத்துக்குங்க.